மூட்டு மாற்று ஆபரேஷன் முடிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்தாச்சா? இனி பாதி வைத்தியம் உங்க கையில!

டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் ஒரு ஃபைல், பை நிறைய மாத்திரை, ஒரு வாக்கர், உடற்பயிற்சிப் படங்கள் போட்ட ஒரு தாள். மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்துவிடுகிறோம். அந்தத் தாள் மட்டும் ஃபிரிட்ஜ் மேலேயே தூங்கும். கேட்டால், "வலிக்குதாம், பாவம், ரெஸ்ட் எடுக்கட்டுமே" என்பார்கள்.

இன்னொரு பக்கம், "அமுக்கினாத்தான் முட்டி மடங்கும்" என்று காலைப் பிடித்து மடக்கும் சொந்தக்காரர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்து. சும்மா இருந்தால் மூட்டு இறுகிவிடும். முரட்டுத்தனமாகச் செய்தால் தையலும் தசையும் பாதிக்கப்படும். இரண்டுக்கும் நடுவில் எப்படிப் போவது? அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா என்று யாரை நீங்கள் கவனித்துக்கொண்டாலும், இதைப் படித்துவிடுங்கள்.

ஒரு விஷயம் முதலிலேயே. ஒரே நேரத்தில் இரண்டு முட்டியும் மாற்றியவர்கள், சர்க்கரை அல்லது இதயப் பிரச்னை உள்ளவர்கள், எலும்பு பலவீனமானவர்கள் ஆகியோருக்கு டாக்டரின் கணக்கு வேறாக இருக்கும். இங்கே சொல்வதற்கும் உங்கள் டாக்டர் சொன்னதற்கும் முரண் வந்தால், டாக்டர் சொன்னதே சரி.

உள்ளே என்னதான் மாறியிருக்கு?

'முட்டியையே வெட்டி எடுத்துட்டாங்க' என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தேய்ந்துபோன குருத்தெலும்பையும், தொடை எலும்பின் கீழ் நுனி, கால் எலும்பின் மேல் நுனி இரண்டிலும் மெல்லிய ஒரு அடுக்கையும் சீவி எடுத்துவிட்டு, உலோக உறை போடுகிறார்கள். நடுவில் தேயாமல் வழுக்கிப் போக ஒரு பிளாஸ்டிக் தட்டு. அவ்வளவுதான்.

இந்த உலோக மூட்டு முதல் நாளே உடம்பின் எடையைத் தாங்கும். அதனால்தான் பெரும்பாலானவர்களை ஆபரேஷன் நடந்த அன்றோ, மறுநாளோ எழுப்பி நிற்க வைக்கிறார்கள். ஆனால் சுற்றியிருக்கும் தசைகள் பழையவைதான். வலிக்குப் பயந்து வருஷக்கணக்கில் சரியாக வேலை செய்யாத தசைகள். மூட்டை டாக்டர் மாற்றிவிடுவார். தசையை உடற்பயிற்சிதான் மாற்றும்.

நம் ஊர் உதாரணம் வேண்டுமா? வாஜ்பாய் பிரதமராக இருந்தபோதே இரண்டு முட்டிகளையும் மாற்றிக்கொண்டார். 2000 அக்டோபரில் இடது, 2001 ஜூனில் வலது. இரண்டும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில். செய்தவர் சித்தரஞ்சன் ரனாவத். 1970களில் நியூயார்க்கில் நவீன செயற்கை மூட்டை வடிவமைத்த குழுவில் இருந்தவர் அவர். அவ்வளவு பெரிய நிபுணர் செய்தாலும், அதற்குப் பிறகு காலை மடக்கி நீட்டிப் பழக வேண்டியது நோயாளிதான்.

முதல் 2 வாரம்: கட்டிலிலேயே ஜிம்

கீழே உள்ளவை உலகம் முழுக்கச் சொல்லித்தரப்படும் அடிப்படைப் பயிற்சிகள். ஒவ்வொன்றும் சுமார் 10 முறை, ஒரு நாளைக்கு 3 வேளை. மாத்திரை மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள்.

1. பாதம் ஆட்டுவது: பாதத்தை முகம் நோக்கி மேலே இழுத்து, பிறகு கீழே அழுத்த வேண்டும். பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் காலில் ரத்தம் தேங்கிக் கட்டியாகாமல் இருக்க உதவுவது இதுதான். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை செய்யலாம்.

2. தொடையை இறுக்குவது: காலை நீட்டி, முட்டியின் பின்பக்கத்தைக் கட்டிலில் அழுத்த வேண்டும். தொடையின் முன்பக்கத் தசை கல் மாதிரி இறுகும். 5 முதல் 10 விநாடி வரை வைத்திருந்து தளர்த்தவும்.

3. குதிகாலை நகர்த்துவது: குதிகால் மெத்தையை விட்டு எழாமல், மெதுவாகப் பின்பக்கமாக இழுத்து முட்டியை மடக்க வேண்டும். முடிந்தவரை மடக்கி, 5 விநாடி வைத்திருந்து நீட்டவும். கால் வழுக்காவிட்டால் குதிகாலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் போடுங்கள்.

4. நேராகக் கால் தூக்குவது: தொடையை இறுக்கி, முட்டி மடங்காமல் காலைச் சில அங்குலம் தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும். முதல் சில நாட்கள் வராமல் போகலாம். பயப்பட வேண்டாம், 2-வது பயிற்சியைத் தொடர்ந்தால் வந்துவிடும்.

5. குதிகாலுக்கு டவல்: சுருட்டிய டவலைக் கணுக்காலுக்கு அடியில், குதிகால் மெத்தையில் படாத உயரத்தில் வைத்து, சில நிமிடங்கள் காலை நீட்டி வைக்க வேண்டும்.

இந்த ஐந்தாவதைத்தான் வீட்டில் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம். 'முட்டி வலிக்குதே' என்று முட்டிக்கு அடியில் தலையணை வைக்கிறோம். அந்த நேரத்துக்கு சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகி, கால் முழுசாக நீளாமல் போய்விடும். அப்புறம் வாழ்க்கை முழுக்க விந்தி நடக்க வேண்டியதுதான். தலையணை வைத்தே ஆக வேண்டுமா? கணுக்காலுக்கு அடியில் வையுங்கள்.

டிகிரி கணக்கு

சமதரையில் நடக்க முட்டி சுமார் 70 டிகிரி மடங்கினால் போதும். படியேற சுமார் 90. தாழ்வான நாற்காலியிலிருந்து எழ 100-க்கு மேல் வேண்டும். பொதுவாக, 2 வாரத்தில் 90 டிகிரியைத் தொடுவதும், 3 மாதத்துக்குள் 110 முதல் 120 வரை போவதும் நல்ல முன்னேற்றம். மடங்குவதைப் போலவே முழுசாக நீள்வதும் முக்கியம்.

உங்கள் போனுக்கு இங்கே வேலை இருக்கிறது. வாரம் ஒருமுறை நாற்காலியில் உட்கார வைத்து, காலை முடிந்தவரை பின்னால் இழுக்கச் சொல்லி, பக்கவாட்டில் ஒரு போட்டோ. அடுத்து காலை நீட்டச் சொல்லி ஒரு போட்டோ. செக்கப் போகும்போது பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டலாம். போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கும்போது அம்மாவுக்கே தெம்பு வரும்.

பல வாரமாகியும் முன்னேற்றமே இல்லை என்றால் காத்திருக்காதீர்கள். ரொம்ப இறுகிவிட்டால், மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட வேண்டியிருக்கும். அதையும் முதல் 3 மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

நடைக்கு பீச் ரோடு, மணலுக்கு நோ!

வாக்கரோடு நடக்கும்போது வரிசை இதுதான்: முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் செய்த கால், கடைசியாக நல்ல கால். கைத்தடிக்கு மாறியதும், ஆபரேஷன் செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் தடியைப் பிடிக்க வேண்டும். வலது முட்டி என்றால் தடி இடது கையில்.

படிக்கட்டில், ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். கைப்பிடி இல்லாமல் கூடவே கூடாது. நம்ம ஊர் பழைய திண்ணை வீடுகளில் வாசல்படி உயரமாக இருக்கும், பிடிக்க ஒன்றுமே இருக்காது. டிஸ்சார்ஜுக்கு முன்பே ஒரு கைப்பிடி போட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் தடுமாறாமல் நடக்க வந்து, டாக்டரும் ஓகே சொன்னதும் வெளியே போகலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. தரை சமமாக இருக்கும், வெயிலும் இருக்காது. முதல் நாளே காந்தி சிலையிலிருந்து கோடி வரை போக வேண்டாம். 5 நிமிடம் நடந்து, உட்கார்ந்து, திரும்பினால் போதும். திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வார இறுதிக் கூட்டத்தில் ஓடிவரும் குழந்தை இடித்தாலே விழுந்துவிடுவார்கள். ஆகவே சனி, ஞாயிறு என்றால் விடியற்காலை நடைதான் நல்லது.

மணலில் நடப்பது, பாறைகளில் இறங்குவது இரண்டும் வேண்டாம். கால் புதைந்து முட்டி முறுக்கிக்கொள்ளும். அலையில் கால் நனைக்கும் ஆசை, தையல் முழுசாக ஆறும் வரை காத்திருக்கட்டும்.

4 முதல் 6 வாரத்துக்குப் பிறகு, நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிள் நல்ல பயிற்சி. சீட்டை உயர்த்தி, முதலில் பின்பக்கமாக மிதித்துப் பழகி, அது சுலபமானதும் முன்பக்கமாக. நிஜ சைக்கிளும் ஸ்கூட்டரும் டாக்டர் சொன்ன பிறகுதான்.

எந்த வலி ஓகே, எந்த வலி ஆபத்து?

பயிற்சி செய்யும்போது இழுப்பது மாதிரி வலி, கொஞ்ச நேரத்தில் தணிவது: ஓகே. முட்டி கதகதப்பாக இருப்பது, சில மாதங்கள் வரை லேசான வீக்கம், தழும்பைச் சுற்றி மரத்துப்போவது, 'டிக் டிக்' சத்தம்: இவையும் பெரும்பாலும் சாதாரணம்தான். பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் 15 முதல் 20 நிமிடம். மறுநாள் வரை வலியும் வீக்கமும் கூடிக்கொண்டே போனால், அளவைக் குறைக்கச் சொல்கிறது உடம்பு. பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு வலி மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

இவை வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்:

* கெண்டைக்காலில் புதிதாக வலி, சிவப்பு, காலைத் தூக்கி வைத்தும் குறையாத வீக்கம். ரத்தக்கட்டியாக இருக்கலாம்.
* 100 டிகிரிக்கு மேல் விடாத காய்ச்சல், குளிர் நடுக்கம், தையலில் சீழ் அல்லது நீர்க்கசிவு. தொற்றாக இருக்கலாம்.
* 'படக்' என்ற சத்தத்துக்குப் பிறகு காலைத் தூக்கவே முடியாமல் போவது, அல்லது கீழே விழுவது.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் யோசிக்கவே வேண்டாம். 108-க்கு போன் செய்யுங்கள். காலில் உருவான ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

இதனால்தான் எண்ணெய் தேய்த்துக் காலை உருவிவிடுவது கூடாது. பாசத்தில் செய்வதுதான். ஆனால் ஆறாத தையலில் தொற்று வரலாம், உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் நகரலாம்.

கோலம், கோயில், பாத்ரூம்

குத்தவைத்துக் கோலம் போடுவது, தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவது, இந்தியன் டாய்லெட் மூன்றுக்கும் விடை கொடுக்க வேண்டும். மணக்குள விநாயகர் கோயிலில் நின்றே கும்பிடலாம், சம்பா கோயிலில் முழந்தாளிடாமல் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்கலாம், பள்ளிவாசலில் நாற்காலியில் தொழலாம். பாத்ரூமில் வழுக்காத மேட், சுவரில் கைப்பிடி, நடக்கும் வழியில் சார்ஜர் ஒயரும் மிதியடியும் இல்லாத தரை: இதெல்லாம் உங்கள் பொறுப்பு.

ஜிப்மர், அரசுப் பொது மருத்துவமனை, தனியார் என்று ஆபரேஷன் எங்கே நடந்திருந்தாலும், முதல் 3 மாதம் வீட்டில் நடப்பதுதான் முட்டியின் எதிர்காலத்தை முடிவு செய்யும். "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடேன்டா" என்று அம்மா கெஞ்சுவார். திட்டாதீர்கள், விட்டும்விடாதீர்கள். "சரிம்மா, அஞ்சு தடவை மட்டும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். அந்தத் தாளை ஃபிரிட்ஜ் மேலிருந்து எடுத்து, கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் இன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.