வெக்கை நோய் ஒழிந்த வரலாறு

1995ஆம் ஆண்டு ஜூன் மாதம் வட ஆற்காட்டுப் பகுதியில் மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டது. நூற்றாண்டுக் கணக்கில் ஊர் ஊராகச் சென்று தொழுவங்களை வெறுமையாக்கிய அந்நோய் இந்திய மண்ணில் கடைசியாகப் பதிவானது அப்போதுதான். வந்தவாசி, ஆரணி, போளூர் வட்டாரங்களில் நிலமும் கறவையுமாக வாழ்ந்த குடும்பங்களின் முதியோருக்கு அப்பெயர் நினைவிருக்கும். இளையோர் பலர் அதைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஒரு நோய் முற்றும் ஒழிந்தமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

நோய் தொற்றிய கறவையிடம் முதலில் தெரிவது கடுங்காய்ச்சலும் பால் குறைதலுமே. அடுத்துக் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாயினுள் புண்கள் தோன்றும். பின்னர் அடங்காத கழிச்சல். உடலின் நீரெல்லாம் வற்றி, இரண்டு வாரத்திற்குள் பெரும்பாலானவை மாண்டுபோகும். இதனை முன்பு அறியாத மந்தைகளில் பத்தில் எட்டு, ஒன்பது மாடுகள் மடிவதும் உண்டு. மனிதருக்கு வரும் தட்டம்மைக்கு நெருங்கிய உறவுடைய நச்சுயிரி இது. மூச்சாலும் நெருக்கத்தாலும் பரவுவதால் சந்தைகளும் பொதுத் தண்ணீர்த் தொட்டிகளும் இதற்குத் தேரும் குதிரையும் ஆயின. ஆயினும் இதற்கு இரண்டு பலவீனங்கள் இருந்தன. உடலுக்கு வெளியே இது நெடுநாள் பிழைக்காது. பிழைத்தெழுந்த மாட்டை மீண்டும் தாக்காது. அம்மாடு நோயைச் சுமந்து திரிவதுமில்லை.

ஐரோப்பியர் கண்ட வழி கொன்றொழித்தல். 1711இல் இத்தாலியில் நோய் பரவியபோது, திருத்தந்தை பதினோராம் கிளமென்டின் மருத்துவரான லான்சிசி, நோயுற்றவற்றையும் அவற்றோடு பழகியவற்றையும் கொன்று புதைக்கவும், மாடுகளின் போக்குவரத்தைத் தடுக்கவும் ஆணைகள் வகுத்தார். மீறியோருக்கு மரண தண்டனை. இங்கிலாந்தில் 1865இல் நோய் நுழைந்தபோது, இலண்டன் மாநகரின் நடுவே கொட்டில்களில் கட்டி வளர்க்கப்பட்ட கறவைகள் பெரும்பகுதி அழிந்தன. மறு ஆண்டு கட்டாயக் கொலைக்குச் சட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டு நோய் நின்றது. நகரத்துப் பாலை நாட்டுப்புறத்திலிருந்து இரயிலில் கொண்டுவரும் வழக்கம் வேரூன்றியதும் இந்த அழிவிற்குப் பிறகே. கொலைமுறை பயன் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. கடல் சூழ்ந்த நாடு, வலிய அரசு, இழப்பீடு தரும் பணம் ஆகிய மூன்றும் இருந்த இடத்தில் அது பயன் தந்தது.

அம்மூன்றும் இல்லாத ஆப்பிரிக்காவில் நேர்ந்தது பேரழிவு. 1880களின் இறுதியில் கண்டத்தின் வடகிழக்கில் நுழைந்த நோய், பத்தாண்டுகளுக்குள் தென்முனைவரை பரவிற்று. எத்தியோப்பியாவில் ஏர் பூட்ட எருது இல்லை. பஞ்சம் மக்களை வாரிக்கொண்டு போனது.

இந்தியாவிலோ நோய் புதிதன்று. இங்கு மாடுகளைக் கூட்டமாகக் கொல்வது நடவாது என்பதை ஆங்கில அரசினர் விரைவிலேயே உணர்ந்தனர். மக்களின் சமய உணர்வு ஒரு காரணம். ஏழை உழவனின் உழவும் உணவும் அந்த இரண்டு மாடுகளே என்பது மற்றொரு காரணம். இழப்பீடு தர அரசுக்கு மனமும் இல்லை. ஆகவே, 1889இல் பூனாவில் தொடங்கிய நுண்ணுயிர் ஆய்வுக்கூடம், 1893இல் குமாவுன் மலையிலுள்ள முக்தேசுவரத்திற்கு மாற்றப்பட்டது. ஊர்களிலிருந்து விலகிய மலையுச்சியில் கொடிய நோய்க்கிருமிகளைக் கையாள்வது பாதுகாப்பு என்று கருதினர். தென்னாப்பிரிக்காவில் இந்நோயை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக் 1897இல் அங்கு வந்தார். நோயிலிருந்து மீண்ட மாடுகளின் இரத்தத்திலிருந்து ஊநீர் எடுத்து ஏனையவற்றிற்கு ஊசி வழியே ஏற்றும் முறை பின்னர் அங்கு நடைமுறைக்கு வந்தது. அதன் காப்பு சில வாரங்களே நின்றது.

திருப்பம் 1920களில் நேர்ந்தது. முக்தேசுவரத்தில் பணியாற்றிய எட்வர்ட்ஸ், நோய்க் கிருமியை ஆடுகளின் உடலில் மாற்றி மாற்றிச் செலுத்திவர, அது மாட்டைக் கொல்லும் வீரியத்தை இழந்து, காப்பளிக்கும் திறனை மட்டும் வைத்துக்கொண்டதைக் கண்டார். நாட்டு மாடுகளுக்கு ஓர் ஊசி நெடுங்காலக் காப்புத் தந்தது. மாட்டின் நெருங்கிய உறவுக்காரியான ஆட்டினம் நோய்க்கு மருந்தாயிற்று. ஆனால் அம்மருந்து ஆட்டின் மண்ணீரலிலிருந்து எடுக்கப்பட்டது; ஆடு உயிரோடிருக்க அதனைத் தருவதற்கில்லை. கொல்லாமையைப் பேணுவோர் இவ்வரலாற்றைப் படிக்கும்போது இதனை ஒளிக்காமல் பார்க்க வேண்டும். மந்தைகளைக் கொல்லாமல் காத்த வழியும் சில உயிர்களின் விலையில்தான் வந்தது. கணக்கில் அது சிறிது என்பர் சிலர். உயிரைக் கணக்கிடுவதே பிழை என்பர் வேறு சிலர். இரு சாராருக்கும் மறுமொழி சொல்வது எளிதன்று.

ஆட்டு மருந்துக்கு மற்றொரு குறையும் இருந்தது. நாட்டு மாடுகள் தாங்கிய அதனை அயல்நாட்டு இனங்களும் கலப்பினங்களும் தாங்கவில்லை. மிகுதியாகப் பால் தரும் கறவைகளைப் பெருக்கும் காலம் வந்தபோது இக்குறை பெரிதாயிற்று. இதனை நீக்கியவர் வால்டர் பிளவ்ரைட். கென்யாவின் முகுகா ஆய்வுக்கூடத்தில் அவரும் அவருடைய குழுவினரும் கன்றின் சிறுநீரக உயிரணுக்களில் கிருமியை வளர்த்து, 1960களின் தொடக்கத்தில் எல்லா இனத்திற்கும் தீங்கற்ற தடுப்பு மருந்தை ஆக்கினர். 1999இல் அவருக்கு உலக உணவுப் பரிசு அளிக்கப்பட்டது.

இந்தியா 1954இல் தேசிய வெக்கை நோய் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாண்டுகளில் மாடு, எருமைகளில் நூற்றுக்கு 80 பங்கினுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் தானே அடங்கும் என்பது கணக்கு. இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிய ஊநீர் நிலையம் தமிழகத்தின் மருந்துச்சாலையாக விளங்கிற்று. நோய் வெகுவாகக் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. ஆண்டுதோறும் பிறக்கும் கன்றுகள் ஊசியின்றி வளர்ந்தன. சீம்பாலில் தாய் தந்த காப்பு நிற்கும்வரை கன்றுக்குப் போட்ட ஊசி பலன் தருவதில்லை என்பது மற்றொரு சிக்கல். மாட்டு வணிகர்களின் மந்தைகளோ மாவட்டம் விட்டு மாவட்டம் நடந்தன. நாட்டின் பெரும்பகுதி விடுபட்ட பின்னும் தென்மாநிலங்களில் நோய் பதுங்கியிருந்தது. கடைசித் தாக்குதல், மருந்து ஆக்கிய இராணிப்பேட்டை இருக்கும் வட ஆற்காட்டிலேயே நேர்ந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அதன் பிறகு செய்ததே மிகக் கடினமான செயல் எனலாம். தடுப்பூசியை நிறுத்த வேண்டியிருந்தது. ஊசி போட்ட மாட்டின் இரத்தமும் நோய் கண்டு பிழைத்த மாட்டின் இரத்தமும் சோதனையில் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலால் ஊசி தொடரும்வரை நோய் இல்லை என்று மெய்ப்பிக்க இயலாது. நாற்பதாண்டுகள் காத்த கேடயத்தைக் கையால் கீழே வைப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! படிப்படியாக ஊசி நிறுத்தப்பட்டது. கால்நடை மருத்துவர்கள் சிற்றூர் சிற்றூராகச் சென்று, வாய்ப்புண்ணும் கழிச்சலும் கண்ட மாடு உண்டா என்று தொழுவம்தோறும் கேட்டனர். மந்தைகள் நடந்துசெல்லும் வழித்தடங்களில் நின்று தேடினர். மருந்தகங்களின் நாட்குறிப்பேடுகளைப் புரட்டினர். ஊசி போடாத இளங்கன்றுகளின் இரத்தத்தைச் சோதித்தனர். ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாமல் ஆண்டுக்கணக்கில் தேடுவதற்கு ஊக்கம் தளராமை வேண்டும். அந்த ஊழியர்களின் பெயர்களை எந்த மலரும் அச்சிட்டதில்லை.

2006ஆம் ஆண்டு மே மாதம் இந்தியா இந்நோய்த் தொற்றிலிருந்து விடுபட்ட நாடாக உலக விலங்கு நல நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. அந்நிறுவனம் பிறந்ததற்கும் இந்நோயே காரணம். 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசில் நாட்டிற்குச் சென்ற மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்க, அங்கு நோய் பரவிற்று. அந்த அச்சமே 1924இல் 28 நாடுகளைப் பாரிஸில் ஒன்றுசேர்த்தது. உலகின் இறுதி நோயாளி, 2001இல் கென்யாவில் கண்டறியப்பட்ட காட்டெருமை. 2011ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் உலகம் முழுதும் நோயற்றது என அந்நிறுவனம் அறிவித்தது. ஜூன் 28ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பும் அதனை அறிவித்தது. பெரியம்மைக்குப் பின் மனித முயற்சியால் ஒழிந்த இரண்டாவது நோய் இது.

கறவை வைத்திருப்போருக்கு இன்று அச்சம் தருவது கோமாரி. அதன் நச்சுயிரியில் ஏழு வகைகள் உண்டு. ஒன்றிற்குப் பெற்ற காப்பு மற்றொன்றிற்கு உதவாது. காப்பும் சில மாதங்களே நிற்கும். ஆகவே ஆண்டுக்கு இருமுறை ஊசி போட வேண்டியுள்ளது. வெக்கை நோயின் நச்சுயிரி இன்று எந்தத் தொழுவத்திலும் இல்லை. சில நாடுகளின் காவல் மிக்க ஆய்வுக்கூடங்களில் உறைபனிப் பெட்டிகளில் மட்டுமே உள்ளது. இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வகம் தன்னிடமிருந்த இருப்பை 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் அழித்தது.