எம்டன் குண்டும் பாகு நுரையும்

எங்கூரு மூலனூர்ல தீன்னா முதல்ல நினைவுக்கு வர்றது பருத்திதான். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஏலத்துக்கு வர்ற மூட்டைகளைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு, தீப்பிடிச்சா தண்ணிதான் மருந்து. அப்படிப் பழகின கை எல்லாத் தீக்கும் குடத்தைத்தான் தேடும். வினையே அங்கதான்!

2012-ல மின்வெட்டு உச்சத்துல இருந்தப்போ, தெரிஞ்சவர் ஒருத்தரோட யூனிட்ல ஜெனரேட்டர் பக்கத்துல சிந்திக் கிடந்த டீசலும், அதுல ஊறின பனியன் வேஸ்டும் பத்திக்கிச்சு. வேலைக்கு வந்த தம்பி ஒருத்தன் குடத்துத் தண்ணியை வீசிட்டான். தீ அணையலை. தண்ணி மேல ஏறி மிதந்து அவன் காலடிக்கே ஓடி வந்துச்சு. ரெண்டு கால்லயும் கொப்புளம். சுவத்துல சிவப்பு சிலிண்டர் தொங்கிக்கிட்டுதான் இருந்துச்சு. அது எதுக்குன்னு அங்கே யாருக்கும் தெரியலை. எனக்கும்தான்... அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

கதை பாகு நகரத்துல தொடங்குது. 1900 வாக்கில் உலகத்தின் கச்சா எண்ணெயில் ஏறக்குறைய பாதி ருஷ்யப் பேரரசின் இந்த ஊரிலிருந்துதான் வந்தது. எண்ணெய்க் கிணறு எரிந்தால் அணைக்க வழியில்லை. அங்கே ஆசிரியராக இருந்த பொறியாளர் அலெக்சாண்டர் லோரான் யோசித்தார். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய்விடுகிறது. எண்ணெய் மேல் மிதக்கிற மாதிரி ஒன்று வேண்டும். விடை: நுரை! 1904-ல் காப்புரிமையும் வாங்கினார்.

விஷயம் ரொம்ப சிம்பிள். சமையல் சோடா கரைசலும் அலுமினியம் சல்பேட் கரைசலும் கலந்தால் கார்பன் டை ஆக்சைடு பொங்கும். குமிழி உடையாமல் இருக்க சாப்போனின் அல்லது அதிமதுரச் சாறு சேர்ப்பாங்க. (நம்ம பூந்திக்கொட்டையில் நுரை வர்றதும் சாப்போனினால்தான்.) பழைய சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்க்கச் சொன்னது இந்த ரெண்டும் கலக்கத்தான்.

லோரானின் நுரைக்குப் பத்து வயசானப்போ, எண்ணெய்த் தீ எப்படி இருக்கும்னு சென்னைக்காரங்க நேர்லயே பார்த்தாங்க. 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைச் சுட்டது. டாங்குகள் கொழுந்து விட்டு எரிந்தன. ஜனங்க ஊரைக் காலி பண்ணிட்டு ஓடினாங்க. கில்லாடியான ஆளை 'சரியான எம்டன்'னு நாம சொல்றது அதிலிருந்து வந்ததுதான்.

இப்போ வர்றது மெக்கானிக்கல் ஃபோம். தண்ணியில நுரைத் திரவம் கலந்திருக்கும். குழாய் முனையில் காற்று சேர்ந்து நுரையாகும். 1960-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகமும் 3எம் நிறுவனமும் உருவாக்கிய ஃப்ளோரின் நுரை இன்னும் வேகமாகப் பரவும். ஆனா அதுல இருந்த ரசாயனம் மண்ணுலயும் தண்ணியிலயும் அழியாம தங்குதுன்னு தெரிஞ்சு, ஃப்ளோரின் இல்லாத நுரைக்கு இப்போ மாறிக்கிட்டிருக்காங்க.

சரி, எப்போ அடிக்கணும்?

டீசல், பெட்ரோல், பெயின்ட் தீக்கு நுரைதான் சரி. துணி, பஞ்சு, மரத்துக்கும் ஆகும். நுரை போர்வை மாதிரி மூடி ஆவியைத் தடுக்கும், சூட்டையும் தணிக்கும். நேரா எண்ணெய்க்குள்ள பீய்ச்சாதீங்க, சிதறிடும். பின்பக்கச் சுவத்துல அடிச்சு வழிய விடுங்க.

கரன்ட் ஓடுற மோட்டார், பேனல் போர்டு பக்கம் நுரை வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கிறது தண்ணி, ஷாக் அடிக்கும். அதுக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். கொதிக்கிற வடைச்சட்டி எண்ணெய்க்கும், கேஸ் கசிவுத் தீக்கும் நுரை ஆகாது.

அந்தத் தம்பி இப்போ வேற யூனிட்ல டெய்லர். தழும்பு அப்படியே இருக்கு. போன மாசம் பார்த்தப்போ சொன்னான்: "எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மொத வேலையா சிலிண்டர்ல என்ன எழுதியிருக்குதுன்னு பாத்துருவனுங்ணா."

நீங்களும் நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரு எட்டு பார்த்துடுங்க மக்களே.