எல்லிஸ் தீவு

எல்லிஸ் தீவு நியூயார்க் துறைமுகத்தில், சுதந்திர தேவி சிலைக்கு அருகில் உள்ள சிறு தீவு. 1892 முதல் 1954 வரை அமெரிக்காவின் முதன்மையான குடிவரவு நிலையம் இங்கே இயங்கியது. ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பேர் இதன் வழியாக அந்நாட்டில் கால்வைத்தனர். ஆலைகளும் சுரங்கங்களும் ரயில்பாதைகளும் பெருகிய காலத்தில் அவற்றுக்கு உழைப்பைக் கொடுத்தவர்களில் பெரும்பகுதியினர் இவ்வழியே வந்தவர்களே. அவர்களுடைய உழைப்பை விரும்பி வாங்கிக்கொண்ட நாடு, அவர்களைத் தன் மக்களாக ஏற்க நெடுங்காலம் தயங்கியது. எல்லிஸ் தீவின் வரலாற்றில் இந்த இரண்டு போக்கையும் சேர்த்தே காண வேண்டும்.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகளிலிருந்தே மிகுதியானோர் வந்தனர். 1880-களுக்குப் பின் தெற்கு, கிழக்கு ஐரோப்பிய மக்களின் வரவு பெருகியது. தென்னித்தாலியில் நிலமின்மையும் வரிச்சுமையும் உழவர்களைத் துரத்தின. ரஷ்யப் பேரரசில் 1881-இல் சார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டபின் யூதர்கள் மீது வன்முறை கட்டவிழ்ந்தது. அவர்களின் வாழ்வுரிமையை நெரிக்கும் சட்டங்களும் தொடர்ந்தன. நீராவிக் கப்பல்கள் கடற்பயணத்தை ஓரிரு வாரங்களாகச் சுருக்கின. முன்னே போனவர் உழைத்துச் சேர்த்த பணத்தில் பயணச்சீட்டு வாங்கி அனுப்ப, அண்ணனைத் தொடர்ந்து தம்பியும் கணவனைத் தொடர்ந்து மனைவி மக்களும் புறப்பட்டனர்.

1855 முதல் 1890 வரை வந்தவர்களை மன்ஹாட்டனின் தென்முனையில் இருந்த காசில் கார்டன் நிலையம் பதிவு செய்தது. அதை நடத்தியது நியூயார்க் மாநில அரசு. பின்னர் குடிவரவுப் பொறுப்பைக் கூட்டாட்சி அரசு ஏற்று, எல்லிஸ் தீவில் புதிய நிலையத்தைக் கட்டியது. 1892 ஜனவரி 1 அன்று அங்கு முதலில் பதிவானவர் அயர்லாந்தின் கார்க் பகுதியைச் சேர்ந்த ஆனி மூர் என்ற இளம்பெண். மரத்தாலான அந்தக் கட்டடம் 1897 ஜூனில் எரிந்துபோனது. பழைய பதிவேடுகள் பலவும் அதோடு அழிந்தன. செங்கல்லால் கட்டிய இன்றைய கட்டடம் 1900 டிசம்பரில் திறக்கப்பட்டது.

சோதனை முறை

முதல் இரு வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். கப்பலின் அடித்தளத்தில் நெருக்கியடித்து வந்த ஏழைகளை மட்டுமே படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுவருவார்கள். மூட்டை முடிச்சுகளோடு அவர்கள் மாடிப்படி ஏறும்போதே சோதனை தொடங்கிவிடும். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் நொண்டுகிறார் என்று மருத்துவர்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள். ஐயம் எழுந்தால் அவருடைய மேலாடையில் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்தைப் போடுவார்கள். ஆங்கில எச் எழுத்து இதய நோயையும், இ எழுத்து கண்நோயையும், எக்ஸ் குறி மனநலக் குறையையும் சுட்டின. டிரக்கோமா என்னும் தொற்று கண்நோய் இருக்கிறதா என்று பார்க்க, பொத்தான் மாட்டும் கொக்கியாலோ விரலாலோ இமையை மடக்கிப் பார்ப்பார்கள். பயணிகள் மிகவும் அஞ்சியது இதற்குத்தான். இந்நோய் உறுதியானால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்து மாடியிலுள்ள பெரிய பதிவுக்கூடத்தில் அதிகாரி, கப்பல் நிறுவனம் கொடுத்த பயணியர் பட்டியலை வைத்து, மொழிபெயர்ப்பாளர் துணையுடன் விசாரிப்பார். இங்குதான் பெயர்கள் மாற்றப்பட்டன என்ற கதை பரவலாக வழங்குகிறது. ஆனால் பட்டியல்கள் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டவை. பெயரை மாற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் குடியேறியபின் தாமாகவே மாற்றிக்கொண்டனர்.

வேலை கிடைத்துவிட்டதா என்ற கேள்வியில் ஒரு பொறி இருந்தது. 1885-ஆம் ஆண்டுச் சட்டம் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து கூலியாட்களைக் கொண்டுவருவதைத் தடுத்தது. எனவே 'கிடைத்துவிட்டது' என்றால் சட்டமீறல். உழைக்கத் திறனற்றவர் என்று பட்டாலோ அரசுக்குச் சுமையாவார் என்று தள்ளிவிடுவார்கள். தனியே வந்த பெண்களை, உறவினர் வந்து அழைக்கும்வரை வெளியே விடமாட்டார்கள். ஐயத்துக்குரியவர்களைச் சிறப்பு விசாரணைக் குழு முன் நிறுத்துவார்கள். மொத்தத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சுமார் 2 விழுக்காட்டினர். விழுக்காடு சிறிதுதான், ஆனால் இலட்சக்கணக்கில் வந்து இறங்கிய இடத்தில் அது எத்தனையோ குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது.

குடியிருப்பு

தேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் ரயிலேறி பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளுக்கும், பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், சிகாகோ இறைச்சிக்கூடங்களுக்கும் சென்றனர். நியூயார்க்கில் தங்கியவர்களில் பலருக்கு மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதி முதல் புகலிடமாயிற்று.

அங்குள்ள ஒண்டுக்குடித்தன மாடிவீடுகளில் தெருவைப் பார்த்த அறைக்கு மட்டுமே வெளிச்சம் வரும். உள்ளறைகளில் பகலிலும் இருட்டு. குடும்பத்தோடு, வாடகையைப் பகிர்ந்துகொள்ள வெளியாட்களும் தங்கினார்கள். 1863-இல் கட்டப்பட்ட ஆர்ச்சர்ட் தெரு 97-ஆம் எண் வீட்டில், 1935 வரை, 20-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்திருக்கிறார்கள். 1890-இல் ஜேக்கப் ரீஸ் இவ்வீடுகளின் அவலத்தை எழுத்திலும் புகைப்படத்திலும் வெளிப்படுத்தினார். அவரும் டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறியவர். 1901-ஆம் ஆண்டு நியூயார்க் குடியிருப்புச் சட்டம் காற்றோட்டத்தையும் வீட்டுக்குள் கழிப்பறையையும் கட்டாயமாக்கியது.

வேலையும் போராட்டமும்

இத்தாலியர் பலருக்கு வேலை பிடித்துத் தந்தவர்கள் பத்ரோன்கள். இலங்கை, மலாயாத் தோட்டங்களின் கங்காணியைப் போலவே இவர்களும் ஆளைத் திரட்டி, கூலியில் தரகு பிடித்து, கடனில் கட்டிப்போட்டனர். யூதப் பெண்களும் இத்தாலியப் பெண்களும் தையல் தொழிலுக்குப் போயினர். வாங்கிவந்த துணியை வீட்டிலேயே வைத்துத் தைத்து, முடித்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெற்ற குடும்பங்களில் குழந்தைகளும் ஊசி பிடித்தனர்.

1909-இல் நியூயார்க் சட்டைத் தொழிலாளர் 20,000 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்கு முதற்குரல் கொடுத்தவர் யூத இளம்பெண் கிளாரா லெம்லிக். 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் சட்டை ஆலையில் தீப்பற்றியது. வெளியேறும் கதவொன்று பூட்டிக்கிடந்தது. தீயணைப்புப் படையின் ஏணி மேல்தளங்களை எட்டவில்லை. 146 பேர் இறந்தனர்; பெரும்பாலோர் புதிதாகக் குடியேறிய இளம்பெண்கள். இதன்பின் அமைந்த விசாரணை ஆணையத்தின் பணியால் நியூயார்க் மாநிலத்தில் தீப்பாதுகாப்பு, வேலை நேரம் பற்றிய பல சட்டங்கள் பிறந்தன. 1912-இல் மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகர நெசவாலைகளில், பல மொழி பேசிய தொழிலாளர்கள் கூலிக்குறைப்பை எதிர்த்து ஒன்றாக நின்று ஊதிய உயர்வு பெற்றனர்.

சமூக வாழ்க்கை

ஒரே ஊரார் சேர்ந்து அமைத்த சங்கங்கள் நோயுற்றோருக்கு உதவின. இறந்தோருக்கு அடக்கச் செலவும் இடுகாட்டில் இடமும் தந்தன. 1897-இல் தொடங்கிய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழி நாளேடு 'ஃபார்வர்ட்ஸ்' வாசகர்களின் குடும்பச் சிக்கல்களுக்குப் பதில் எழுதியது. சிகாகோவில் ஜேன் ஆடம்ஸின் ஹல் ஹவுசும் நியூயார்க்கில் லில்லியன் வால்டின் ஹென்றி தெரு இல்லமும், குடியேறியோருக்கான சேவை மையங்களாக, மருத்துவ உதவியும் கல்வியும் அளித்தன. எல்லோரும் நிலைத்துவிடவில்லை, குறிப்பாக இத்தாலிய ஆண்கள் பலர் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினர்.

கதவடைப்பும் பின்வரலாறும்

1882-இலேயே சீனத் தொழிலாளர் வரவு தடை செய்யப்பட்டிருந்தது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவில் 1910 முதல் 1940 வரை ஆசியர்களை வாரக்கணக்கில், சிலரை மாதக்கணக்கில், அடைத்துவைத்து விசாரித்தனர். 1917-ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தறிவுத் தேர்வைப் புகுத்தியதோடு, இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிகளுக்குத் தடை விதித்தது. 1924-ஆம் ஆண்டுச் சட்டம், 1890 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் இருந்த ஒவ்வொரு நாட்டினரின் எண்ணிக்கையில் 2 விழுக்காட்டையே அந்நாட்டுக்கான ஆண்டு ஒதுக்கீடாக்கியது. தெற்கு, கிழக்கு ஐரோப்பியர் பெருமளவில் வருவதற்கு முந்தைய ஆண்டைத் தேர்ந்ததன் நோக்கம் வெளிப்படை. அதன்பின் எல்லிஸ் தீவு பெரும்பாலும் தடுப்புக்காவல் நிலையமாகச் சுருங்கி, 1954 நவம்பரில் மூடப்பட்டது.

நாட்டுவாரி ஒதுக்கீட்டை 1965-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. தமிழர் உள்ளிட்ட இந்தியர்கள் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் அமெரிக்காவில் பெருகியது இதன் விளைவே. தீவின் முதன்மைக் கட்டடம் 1990 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. ஆர்ச்சர்ட் தெரு வீடும் அவ்வாறே காக்கப்படுகிறது. வரலாற்றில் பெயர் பதியாத உழைப்பாளிகளின் வாழ்வை, அவர்கள் நின்ற கூடத்திலும் படுத்த அறையிலுமே படிக்க இவ்விரு இடங்களும் வழிசெய்கின்றன.