ஆளுமைச் சோதனை (பணித் தேர்வு)

பணிக்கு ஆளெடுக்கும்போதும் பொறுப்பு ஒப்படைக்கும்போதும் ஒருவரின் இயல்பை அறிய நடத்தப்படும் உளவியல் தேர்வு. திருக்குறளின் 51ஆம் அதிகாரமான ‘தெரிந்து தெளிதல்’ அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கால் ஆளை ஆராயச் சொல்கிறது; அர்த்தசாஸ்திரத்திலும் அமைச்சர்களுக்கு இத்தகைய சோதனைகள் உண்டு.

சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குத் தேர்வாகிறவர்கள் இன்று உளவியல் தேர்வைக் கடந்தே வருகின்றனர். திரையில் 30 விநாடி தோன்றும் படத்துக்கு 4 நிமிடத்தில் கதை எழுத வேண்டும். 15 விநாடிக்கு ஒன்றாகத் தோன்றும் 60 சொற்களுக்கும் வாக்கியம் அமைக்க வேண்டும். குழுப்பணி, நேர்காணல் மதிப்பீடுகளையும் சேர்த்தே முடிவெடுக்கிறார்கள்.

தனியார் துறையில் பரவலான மையர்ஸ்-பிரிக்ஸ் வினாத்தாள் ஆளெடுப்புக்கு உரியதல்ல என அதன் வெளியீட்டு நிறுவனமே கூறுகிறது. வேலைக்குத் தோதாக விடையை மாற்றி எழுதவும் முடியும். எனவே இத்தகைய தேர்வின் முடிவை மட்டும் நம்பி ஒருவரை ஒதுக்குவது அநீதி.