கட்டியவரும் கட்டுவித்தவரும்

வினைச்சொற்களைத் தன்வினை, பிறவினை என நம் இலக்கணம் இருவகைப்படுத்தும். ‘கட்டினான்’ என்பது தன்வினை. ‘கட்டுவித்தான்’ என்பது பிறவினை. தஞ்சைப் பெருங்கோயிலைப் பற்றித் தன் கல்வெட்டிலே கூறவந்த இராசராச சோழன், ‘எடுப்பிச்ச’ என்று பிறவினைச் சொல்லையே ஆண்டான். அக்கோயிலை அமைத்த குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சன் பெயரும் ஆங்குக் கல்லில் இடம்பெற்றுள்ளது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு பினாங்கின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனை ஒருமுறை சுற்றிவருவோம்.

ஒருபால் கடலும் ஒருபால் குன்றும் சூழ்ந்த எழில் நகரம் அது. 1923ஆம் ஆண்டில் அமைந்த மலை இரயில் இன்றும் மக்களைக் குன்றின்மீது ஏற்றிச் செல்கின்றது. 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மன்றம் இந்நகரையும் மலாக்காவையும் உலக மரபுரிமை நகரங்களாக ஏற்றது. அன்றுதொட்டு, காண வருவோர்க்குப் பழைய கட்டடங்களே முதற் காட்சிகளாயின.

நம் முன்னோர் கடாரம் என வழங்கிய கெடா நாட்டுச் சுல்தானுக்கு உரியதாயிருந்தது இத்தீவு. 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இதனைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டார். கடற்கரையில் நிபோங் என்னும் பனைமரத் தூண்களை நட்டு அவர் அமைத்த அரணே கார்ன்வாலிஸ் கோட்டையின் தொடக்கம். பின்னர் அது செங்கல்லாலும் கருங்கல்லாலும் எடுக்கப்பெற்று 1810இல் நிறைவுற்றது. 1603ஆம் ஆண்டு பொறித்த ஸ்ரீ ரம்பாய் என்னும் டச்சுப் பீரங்கியை அங்கே காணலாம். போருக்கென்று எழுந்த அக்கோட்டை ஒரு போரையும் கண்டதில்லை.

சற்றுத் தொலைவில் வெண்ணிறத் தூண்களோடு விளங்குவது 1818இல் முடிவுற்ற புனித ஜார்ஜ் தேவாலயம். அதன் முன்றிலில் லைட்டுக்கு 1886இல் எடுத்த நினைவு மண்டபம் நிற்கின்றது. துறைமுகத்தருகே, விக்டோரியா அரசியாரின் அறுபது ஆண்டு ஆட்சியைக் குறிக்க, செல்வர் சியா சென் இயோக் கொடையால் எழுந்த அறுபதடி மணிக்கூண்டு உள்ளது. சூலியா முஸ்லிம்களின் தலைவர் காதர் மொகிதீன் 1801இல் நிறுவிய பள்ளிவாசல், ‘கப்பித்தான் கிளிங்’ என அவர் பதவிப் பெயராலேயே வழங்குகின்றது. இவர்கள் யாவரும் கட்டுவித்தவர்கள். கட்டியவர் யார்?

கோட்டையையும் தேவாலயத்தையும் எழுப்பிய கைகள், இந்தியாவினின்று கப்பலேற்றப்பட்ட கைதிகளின் கைகள். சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மாகாணங்களிலிருந்து அவர்கள் கொணரப்பட்டனர். காடு திருத்தினர், சாலை சமைத்தனர், செங்கல் அறுத்தனர். நீரிணைக் குடியேற்றங்களில் 1873இல்தான் இம்முறை ஒழிந்தது.

நாடு கடத்தப்பட்ட அனைவரும் திருடரோ கொலைஞரோ அல்லர். 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டபின், சின்ன மருதுவின் இளமகன் துரைசாமியும் எழுபதுக்கு மேற்பட்ட கிளர்ச்சியாளரும் 1802இல் தூத்துக்குடியிலிருந்து இத்தீவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களை நாடு கடத்தும் பணியிலிருந்த வெல்ஷ் என்னும் படைத்தலைவர், 1818இல் பினாங்கில் துரைசாமியை மீண்டும் கண்டதாகத் தம் நினைவுநூலில் எழுதியுள்ளார். இளைஞனாய்ச் சென்றவன் அடையாளம் தெரியாதவாறு நலிந்து முதுமையெய்தியவன் போல் தோன்றினானாம். தேவாலயம் முற்றுப்பெற்றதும் அதே ஆண்டில்தான்.

பயண வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் ‘இந்தியக் கைதிகள்’ என்னும் இரு சொற்களோடு இச்செய்தியை முடித்துவிடும். ஆசிரியப் பெருமக்கள் அவ்வாறு முடித்தல் ஆகாது. மாணவரைக் கோட்டைக்கு அழைத்துச் செல்லும்போது ஆளுநர் பெயரைச் சொல்லுக, ஆண்டையும் சொல்லுக. பின்னர், சுவரிலுள்ள ஒரு செங்கல்லைத் தொடச்செய்து, ‘இதைக் கட்டியவர் யார்?’ என்று வினவுக. பெயர் கிடையாது. ஆயினும், கட்டியவன் ஒருவன் இருந்தான் என்பதை மாணவர் மறவார். தன்வினை பிறவினை இலக்கணமும் அவர்தம் நெஞ்சில் நிலைக்கும்.