சிறையும் தொண்டும்: கண்டியரசில் வாழ்ந்த கிறித்தவர் இருவர்

ஒரு சமயத்தின் தகுதியை அதன் நூல்களைக் கொண்டு அளத்தல் ஒருவழி. அதனைத் தழுவிய அரசுகளின் வலிமையைக் கொண்டு அளத்தல் மற்றொருவழி. இவ்விரண்டினும் சிறந்த மூன்றாம் வழியொன்று உளது. அச்சமயத்தை மெய்யாகக் கைக்கொண்டோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்று நோக்குதலே அது. ஈழத்துக் கிறித்தவ சமய வரலாற்றை ஆராயப்புகும் சைவ மாணவர்க்கு இம்மூன்றாம் வழி எளிதில் நினைவுக்கு வருவதில்லை. அதற்குக் காரணம் இல்லாமலுமில்லை. திருக்கோணமலையிலே கோணேசர் திருக்கோயிலை இடித்து, 1624ஆம் ஆண்டளவில் அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டிய போர்த்துக்கேயர், சிலுவைக் கொடியின் கீழேயே அச்செயலைச் செய்தனர். அக்காட்சி நம் நெஞ்சைவிட்டு நீங்குவதன்று.

அடுத்து வந்த ஒல்லாந்தர் சமயத்தைப் பரப்பக் கையாண்ட கருவி வாளன்று, பதிவேடு. பதவி பெறவும், திருமணத்தைப் பதிந்து முதுசத்தை உரிமையாக்கவும் ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. ஆகவே ஏட்டிலே கிறித்தவராயும் வீட்டிலே சைவராயும் வாழ்ந்தோர் யாழ்ப்பாண நாட்டிற் பலர். விரதநாளில் உண்ட இலையைக் கூரையிறப்பில் மறைத்துவைத்த கதையை நம் முதியோர் வழிவழியாகச் சொல்லிவந்துளர். 1796இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் தளர்ந்ததும் அவ்வேட்டுக் கிறித்தவம் பெரும்பாலும் கரைந்துபோயிற்று. அச்சத்தாலும் ஆதாயத்தாலும் கொண்ட சமயம் அவை நீங்கியவிடத்து நீங்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆயின், அதே 17ஆம் நூற்றாண்டில், அரசின் துணையின்றியும், பதவியை நாடாதும், கிறித்தவ சமயத்தை உள்ளன்போடு கைக்கொண்டு இந்நாட்டில் வாழ்ந்தோர் இருந்தனரோ? இருந்தனர். அவருள் இருவரைப்பற்றி ஈண்டு ஆராய்வாம். ஒருவர் ஆங்கிலேயர், சீர்திருத்த சபையினர், தாம் விரும்பாமலே கண்டியரசிற் சிறைப்பட்டவர். மற்றவர் கோவை நாட்டுக் கத்தோலிக்கக் குருவானவர். தாமே விரும்பிக் கண்டியரசிற் புகுந்தவர். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. எனினும் இருவர் வாழ்க்கையையும் அருகருகே வைத்து நோக்கும்போது, சமயத்தைக் காத்தல் வேறு, சமயத்தை வாழ்தல் வேறு என்னும் உண்மை புலனாகும்.

திருகோணமலை மாவட்டத்தின் கடற்கரை வடக்கே கரிய கனிமணலுக்குப் பெயர்பெற்ற புல்மோட்டையிலிருந்து தெற்கே வெருகலாற்று முகம்வரை நீண்டு கிடக்கின்றது. அக்கரையின் நடுவே, திருக்கோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கில் அமைந்தது கொட்டியாரக் குடா. அதன் கரையிலுள்ள மூதூரில், நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் சிறைப்பட்ட இடமென ஒரு புளியமரத்தைச் சுட்டி, 1893இல் நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது. நம் முதற் கதை அவ்விடத்தே தொடங்குகின்றது.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனியின் வாணிகத்துக்கு வந்த ‘ஆன்’ என்னும் கப்பல், 1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கருகே புயலிற் சிக்கிப் பாய்மரம் இழந்தது. அதனைச் செப்பனிடும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. அக்காலத்தில் அப்பகுதி கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனது ஆணைக்குட்பட்டிருந்தது. வந்தவர் அரசனுக்கு முறைப்படி ஓலையும் காணிக்கையும் அனுப்பாமையின் ஐயம் பிறந்தது. 1660ஆம் ஆண்டு ஏப்பிரலில் திசாவையின் ஆட்கள் கப்பற்றலைவரையும், அவர் மகனார் றொபேட் நொக்ஸையும், ஏனையோரையும் பிடித்தனர். அவ்வாறு அகப்பட்டோர் 16 பேர். அப்போது மகனுக்கு வயது 19.

கப்பலை ஆற்றுமுகத்துக்குக் கொணருமாறு சொல்லிவரத் திசாவை மகனைக் கப்பலுக்கு அனுப்பினான். கப்பலேறியவர் அங்கேயே தங்கியிருக்கலாம்; தாய்நாடு திரும்பியிருக்கலாம். ஆனால், மீண்டுவருக என்று தந்தை சொல்லியனுப்பியிருந்தார். மகன் கப்பலிலுள்ளோரை எச்சரித்துவிட்டுச் சொன்னபடி தந்தையிடம் திரும்பிவந்தார். அத்திரும்புதலின் விலை 19 ஆண்டுச் சிறைவாழ்க்கையாயிற்று. தந்தை சொற்காத்துக் காடேகிய காவியத்தலைவனைப் போற்றும் நாம் இவ்விளைஞனின் செயலைப் போற்றாதிருத்தல் இயலாது.

தந்தையும் மகனும் ஏழுகோறளைப் பகுதியில் ஒரு சிற்றூரில் வைக்கப்பட்டனர். இருவரையும் குளிர்காய்ச்சல் பற்றியது. 1661ஆம் ஆண்டு பெப்ருவரியில் தந்தை இறந்தார். அடக்கஞ் செய்ய அயலாரிடம் உதவி வேண்டியபோது, சடலத்தைக் காட்டுக்குள் இழுத்துச் செல்வதற்குக் கயிறொன்று கிடைத்தது. அதற்கு மனம் ஒப்பாத மகன் கூலிக்கு ஆள் தேடித் தந்தையை முறைப்படி அடக்கினார். அதன்பின் அவருக்கு உற்ற துணையாயிருந்தவை பக்தி நூல்கள் இரண்டே. மாலைதோறும் அவற்றுள் ஒன்றைக் கையிற் கொண்டு வயல்வெளிக்குச் செல்வார், படிப்பார், செபிப்பார், இருண்டபின் மீள்வார். பலமுறை படித்தமையால் அவை ஏறக்குறைய மனப்பாடமாயின.

ஒருநாள் அவர் மீன்பிடித்துக் கொண்டிருந்தபோது அவ்வழி வந்த முதியவர் ஒருவர், இவருக்கு நூல் படிக்கத் தெரியுமோ என்று இவருடைய வேலைக்காரச் சிறுவனிடம் வினவினார். கொழும்பு போர்த்துக்கேயர் கைவிட்டுப் போன காலத்தில் தமக்குக் கிடைத்த நூலொன்றை விற்க அவர் எண்ணியிருந்தார். அது ஆங்கில விவிலியம். திறந்த பக்கத்தில், சிறைக்காவலன் ஒருவன் தான் ஈடேற்றம் பெறும் வழியை அப்போஸ்தலரிடம் வினவும் பகுதி இருந்தது. சிறைப்பட்டிருந்தவரின் கண்ணில் முதலிற் பட்டது சிறைபற்றிய அவ்வாசகமே. மகிழ்ச்சியும் நடுக்கமும் ஒருங்கே வந்தன என்று நொக்ஸ் பிற்காலத்தில் எழுதினார். தாம் பின்னிய தொப்பியொன்றை விலையாகக் கொடுத்து அந்நூலைப் பெற்றார். அவர் ஊரூராகத் தொப்பி விற்றும், பன்றியும் கோழியும் வளர்த்தும், நெல் கடன்கொடுத்தும் பிழைத்தார்; மணஞ்செய்யாதிருந்தார். 1679ஆம் ஆண்டு செத்தெம்பரில் தோழர் ஒருவரோடு புறப்பட்டு, அநுராதபுரத்தைக் கடந்து, அருவியாற்றின் வழியே காட்டினூடு நடந்து, ஒக்தோபரில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது இலங்கை வரலாறு இன்றும் கண்டியரசைப்பற்றிய முதன்மையான சான்றுகளுள் ஒன்று.

இக்கதை இவ்விடத்தே முடிந்திருப்பின், உறுதியான பத்திக்கு எடுத்துக்காட்டாக நொக்ஸைக் காட்டி அமையலாம். வரலாறு அவ்வாறு முடியவில்லை. தாய்நாடு சென்றவர் கும்பனியின் கப்பலொன்றுக்குத் தலைவரானார். 1684இல் அவர் மேற்கொண்ட கடற்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று, மடகாசுகரில் அடிமைகளை வாங்கிச் செயின்ற் எலினாத் தீவுக்குக் கொண்டுசெல்வது. பத்தொன்பது ஆண்டுகள் அயல்நாட்டில் தம் விருப்பின்றி அடைபட்டிருந்தவர், தந்தையைச் சிறையிற் பறிகொடுத்தவர், பிறர் தந்தையரையும் பிள்ளைகளையும் விலைகொடுத்து வாங்கினார். அவர் விவிலியத்தை வெறுத்தவரல்லர். இறைவன் தம்மை விடுவித்தான் என்ற நன்றியுணர்வு அவர் எழுத்தில் நிரம்ப உண்டு. ஆயினும் தாம் பட்ட துன்பம் பிறர் துன்பத்தைக் காணும் கண்ணாக அவருக்கு மாறவில்லை. அக்காலக் கப்பற்றலைவர் பலர் இதனைச் செய்தனர் என்பது உண்மை. ஆனால் காலத்தின் மேல் பழியைச் சுமத்துமுன், அதே காலத்தில் வாழ்ந்த மற்றொருவரையும் நோக்குதல் வேண்டும்.

யோசேவாஸ் அடிகள் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் கோவை நாட்டுப் பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்தார். கொங்கணி பேசும் அந்தணர் மரபிற் கிறித்தவராய குடும்பம் அவருடையது. 1676இற் குருப்பட்டம் பெற்றார். மறுவாண்டு ஆகத்து 5ஆம் நாள், தம்மை என்றென்றும் தேவமாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து, அடிமைப் பத்திரம் ஒன்றைத் தம் கையாலேயே எழுதிக் கைச்சாத்திட்டார். நம்மவர்க்கு இது புதுமையன்று. திருவெண்ணெய்நல்லூரிலே அடிமையோலை காட்டி ஆளப்பட்ட சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாற்றை நாம் அறிவோம். ஆங்கே ஓலை இறைவன் கையில் இருந்தது. ஈங்கே அடியவர் தாமே எழுதிக் கொடுத்தார். இரண்டிடத்தும் அடிமை என்னும் சொல் இழிவை நீங்கி உரிமையைக் குறிக்கின்றது.

ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமார் இலங்கையில் இருத்தல் தடைசெய்யப்பட்டிருந்தது. அவர்க்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரணதண்டனை என்று 1658இற் கட்டளை பிறந்தது. குருவற்று வாடிய மக்களின் நிலையைக் கேள்வியுற்ற யோசேவாஸ், 1686இற் கோவையை நீங்கி, கூலியாளின் கோலத்தில், யோவான் என்னும் பணியாளரோடு தூத்துக்குடிவழியாகக் கடல்கடந்து, 1687இல் வடவிலங்கையை அடைந்தார். கடும் வயிற்றுளைவு அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டுசென்றது. தேறியபின், செபமாலையைக் கழுத்திலணிந்து வீடுவீடாகப் பிச்சைக்குச் சென்றார். அம்மாலையைக் கண்டு முகம் மலர்ந்தோரைக் கொண்டே கத்தோலிக்கர் இன்னாரென அறிந்தார். தாம் குருவானவர் என்பதை மறைத்தாரேயன்றித் தம் சமயத்தை அவர் மறைத்தாரல்லர். சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று.

பின்னர்ப் புத்தளம் சென்று, அங்கிருந்து கண்டிக்கு ஏகினார். போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று ஐயுற்று இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையிலிட்டான். சிறையிலே அவர் செய்தது யாது? பீடம் ஒன்று அமைத்து வழிபட்டார். சிங்கள மொழியைக் கற்றார். காலப்போக்கில் அரசனது நம்பிக்கையைப் பெற்றார். அவர் சேர்ந்திருந்த ஒறற்றோரியச் சபை, உரோமாபுரியிற் பிலிப்பு நேரி அடிகள் வகுத்த ஒழுக்கத்தைப் பின்பற்றியது. அந்நேரியார் மகிழ்ச்சியைத் துறவின் பகையாகக் கொள்ளாது அதன் மணமாகக் கொண்டவர். வாடிய முகத்தோடு செய்யும் தொண்டு ஏற்போனையும் வாட்டும் என்பதை இம்மரபினர் நன்குணர்ந்திருந்தனர்.

1697ஆம் ஆண்டு கண்டியிற் பெரியம்மை பரவியது. அரசனும் அகன்றான், மக்களும் ஓடினர், நோயுற்றோர் காடுகளிற் கைவிடப்பட்டனர். யோசேவாஸ் அடிகளும் அவர் மருகராகிய யோசேப்பு கர்வாலோ அடிகளும் ஓடவில்லை. குடில்கள் அமைத்து நோயாளரைக் கிடத்தினர், உணவும் நீரும் ஊட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தோரைத் தம் கையாலே புதைத்தனர். பௌத்தர், கிறித்தவர் என்ற வேற்றுமையை அவர் பார்க்கவில்லை. அதே ஆண்டில் விமலதர்மசூரியன் அரக்கன் நாட்டிலிருந்து பிக்குமாரை வருவித்துப் பௌத்த சங்கத்துக்கு உபசம்பதையை மீட்டுக்கொடுத்தான் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தன் சமயத்தில் உறுதியுடைய அரசன், பிற சமயத் தொண்டரைத் தன் நாட்டிற் காத்தான். உறுதி பகைமையை வளர்க்கும் என்பார் கூற்றுக்கு இஃதொரு மறுப்பு.

அடிகள் 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே மறைந்தார். கோவைக்கு அவர் திரும்பவேயில்லை. அவர் வழிவந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி அத்தொண்டைத் தொடர்ந்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்புக் காலிமுகத்திடலிற் பாப்பரசர் பிரான்சிசு, யோசேவாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தார்.

இவ்விருவரையும் ஒப்புநோக்குங்கால், ஒரு சபையை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துதல் நம் கருத்தன்று. கோணேசர் கோயிலை இடித்தோரும் கத்தோலிக்கரே. மறுபுறத்தில், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் சீர்திருத்த மரபினரே. ஆகவே வேறுபாடு சபையில் இல்லை. சமயத்தை எதற்குப் பயன்படுத்தினர் என்பதிலேயே உளது. நொக்ஸுக்குச் சமயம் துன்பத்தில் தம்மைத் தாங்கிய ஊன்றுகோல். அது மெய்யான ஊன்றுகோலே. அதனை எள்ளுதல் தகாது. சிறையிலே உண்மையாய்ப் பற்றிய அக்கோலை, விடுதலை பெற்றபின் வீழ்ந்துகிடந்த பிறருக்கு அவர் நீட்டவில்லை. யோசேவாஸ் அடிகளுக்கோ சமயம் தம்மைக் காக்கும் பொருளாக முதலிலிருந்தே இருந்ததில்லை. தம்மையே கொடுத்துவிட்டமையால், காத்துக்கொள்வதற்கு அவரிடம் யாதும் எஞ்சவில்லை. அதனாலேயே அம்மை நோயும் அரசன் சினமும் அவரை அச்சுறுத்த இயலவில்லை.

துன்பத்தில் இறைவனை நினைத்தல் அரிதன்று. அது மானிட இயல்பு. துன்பம் நீங்கி, கப்பலும் பொருளும் அதிகாரமும் கைக்கு வந்த நாளில் ஒருவர் என்ன வாங்குகின்றார், யாரை விற்கின்றார் என்பதே அவர் பத்தியின் உரைகல். இவ்வுரைகல் கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. புல்மோட்டைமுதல் வெருகல்வரை சைவரும் இசுலாமியரும் கிறித்தவரும் பௌத்தரும் அயலயலே வாழும் நம் கரையில், பிறர் சமயத்தை அதன் கோட்டைகளைக் கொண்டு அளப்பதா, அதன் தொண்டரைக் கொண்டு அளப்பதா என்ற வினா இன்றும் நம்முன் உளது. நம் சமயத்தைப் பிறர் எதனைக் கொண்டு அளக்கவேண்டுமென நாம் விரும்புகின்றோமோ, அதனைக் கொண்டே பிறர் சமயத்தையும் அளத்தல் நடுவுநிலைமையாகும்.