வீட்டில் இரத்த அழுத்தம் அளத்தல்

மருத்துவமனைக்குச் செல்லாமல், மேற்கையில் பட்டை சுற்றும் மின்னணுக் கருவியால் இரத்த அழுத்தத்தைத் தாமே அளத்தல். இக்கருவி மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. பட்டையில் காற்று இறங்கும்போது தமனியில் எழும் அதிர்வுகளைக் கொண்டு அது அழுத்தத்தைக் கணிக்கிறது.

முறை: அளப்பதற்கு முன் அரைமணி நேரம் காப்பி, புகை, உடற்பயிற்சி கூடாது; சிறுநீர் கழித்துவிட வேண்டும். முதுகு சாய்த்து, கால்மேல் கால் போடாமல், 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். சட்டைக் கையின்மேல் அல்லாமல் வெறுங்கையில், முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே பட்டையைச் சுற்றி, கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைக்க வேண்டும். கை தொங்கினாலோ பட்டை சிறியதாக இருந்தாலோ அளவு கூடுதலாகக் காட்டும். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, ஒரு வாரம் குறித்து வைப்பது வழக்கம். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டுச் சராசரி காண்பர்.

அளவுகள்: வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் பொதுவாக உயர் அழுத்தமாகக் கொள்ளப்படுகிறது, மருத்துவமனையில் இவ்வரம்பு 140/90. அளவைப் பார்த்துத் தாமாக மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

பொதுநலத் திட்டம்: தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தம் பார்த்து மாத்திரை வழங்குகின்றனர்.